மூன்று புள்ளி, ஒரு பிறை

ஜனவரி 3, வெள்ளி

காலை 128/84.

டாக்டர் சொன்னதால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். தினமும் இரத்த அழுத்தம் பார்த்து எழுதிவைக்க வேண்டுமாம். எண்ணை மட்டும் எழுதினால் பக்கம் காலியாகக் கிடக்கிறது. அதனால் மற்றதும்.

பல்லாவரம் வாரச் சந்தைக்குப் போனேன். தேசம்மாள் விரித்திருந்த தார்ப்பாயில், உடைந்த மிக்சிக்கும் பித்தளைக் குழாய்க்கும் நடுவில் ஒரு பழைய கத்தி. கையால் அடித்தது. அலகில், பிடியை ஒட்டி மூன்று புள்ளிகள், அவற்றின் கீழே ஒரு பிறைக்கோடு. இதே முத்திரையுடன் எனக்குக் கிடைத்த ஏழாவது கத்தி இது.

"இன்னா மேடம், வாராவாரம் கத்தியா வாங்கினு போறீங்க? ஊட்ல எத்தினி பேரு?" என்றாள் தேசம்மாள்.

"இது வேலைக்கு" என்றேன். அவள் அதன்பிறகு பேரம் பேசவில்லை. என்ன வேலை என்று எண்ணிக்கொண்டாளோ.

என் வேலை பொறியியல் கல்லூரியில் உலோகவியல் நடத்துவது. இருபத்து நான்கு ஆண்டுகளாக, மற்றவர்கள் கண்டுபிடித்ததைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நானாகக் கண்டுபிடித்தது ஒன்றும் கிடையாது. இந்த ஏழு கத்திகளைத் தவிர. ஏழிலும் ஒரே முத்திரை என்றால் ஒரே பட்டறை, ஒரே கொல்லர். பெயர் தெரியாத அவருக்கு நான் 'முப்புள்ளிக் கொல்லர்' என்று பெயரிட்டிருக்கிறேன். மார்ச் 2 அன்று பழம்பொருள் ஆர்வலர் மன்றத்தில் இதைப் பற்றிப் பேசுகிறேன்.

மாலை 136/88. சந்தையில் வெயில்.

ஜனவரி 5, ஞாயிறு

126/82. புதிய கத்தியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அலகின் முதுகில் வரிவரியாகத் தேய்ந்த பற்கள். பழைய அரத்தைக் காய்ச்சி அடித்திருக்கிறார். மூன்றாவது கத்தி லாரியின் வில்பட்டையில் செய்தது. ஐந்தாவது என்ன இரும்பென்றே தெரியவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார். சிக்கனமான மனிதர். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

கீரை வாங்கி ஆய மறந்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

காலை 127/82. மாலை 148/92. காரணம் உண்டு.

தேசம்மாளிடம் போகும்போது எட்டாவது கத்தி வேறொருவர் கையில் இருந்தது. ஐம்பது கடந்த மனிதர், நரைத்த மீசை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. அதன் கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைத் தேய்க்காதீங்க" என்றேன். முன்பின் தெரியாதவரிடம் நான் இப்படிப் பேசுவதில்லை.

"தேய்க்கல மேடம். ஒரு தடவ சாணை பிடிச்சா வெண்ண மாதிரி எறங்கும்."

"சாணை பிடிச்சா சாட்சியம் போயிடும்."

"ஏன், கொல கேஸா?"

தேசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் புள்ளிகளைக் காட்டி முப்புள்ளிக் கொல்லரைப் பற்றி விளக்கினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். பெயர் இருதயராஜ். பெரம்பூரில் சாணைப் பட்டறை. துணிக்கடைக் கத்தரி முதல் ஆஸ்பத்திரிக் கத்தரி வரை கூராக்கித் தருவாராம். பழைய கத்தி வாங்கிக் கூராக்கி யாருக்காவது கொடுத்துவிடுவது பொழுதுபோக்கு. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது என்று கேட்காமலே சொன்னார். நான் ஏன் கேட்கப்போகிறேன்.

கத்தியை எனக்கு விட்டுக்கொடுத்தார். "யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்றார்.

ஜனவரி 11, சனி

கத்தியின் கூர்மையை நானும் நகத்தில் வைத்துப் பார்த்தேன். சொன்னது சரிதான், மழுங்கியிருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். 124/80. திருச்சியிலிருந்து தங்கை தமயந்தி பேசினாள். கத்திகளைப் பற்றிச் சொன்னேன்.

"அக்கா, கத்தியப் பத்திச் சொல்றேன்னு ஆரம்பிச்சு அந்த மனுஷன் மீசையப் பத்தியே பேசிக்கிட்டிருக்க."

"அடையாளத்துக்குச் சொன்னேன்."

"யாராவது தொலைஞ்சுபோனாத்தான் அடையாளம் சொல்லுவாங்க. அவரு தொலையலையே?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. பொங்கலன்று அது நல்ல சகுனமாம். அடுப்பைத் துடைக்கிறவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

காலை 125/80. மாலை 150/90. டாக்டரிடம் சொல்லத் தேவையில்லை, கருவியை மாற்ற வேண்டும்.

இன்று கத்திகள் எட்டையும் துணிப்பையில் எடுத்துப் போயிருந்தேன். இருதயராஜ் வருவார் என்பதற்காக அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க. அவரும் வந்திருந்தார். டீக்கடை பெஞ்சில் வரிசையாகப் பரப்பினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பாதி பஜ்ஜியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"சார், இங்க எதுவும் பிரச்சன பண்ணாதீங்க, பேசித் தீத்துக்கலாம்" என்றார் டீக்கடைக்காரர்.

"மேடம் புரொபசருப்பா" என்றார் இருதயராஜ். டீக்கடைக்காரருக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இருதயராஜ் ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஒரே கை இல்ல மேடம். இந்த ஆளு சுத்தியல வலப்பக்கமா சாய்ச்சுத் தட்டறான். இவன் நேராத் தட்டறான். இந்தா, இவன் அவசரக்காரன், பொண்டாட்டி சாப்பிடக் கூப்ட்டிருப்பா."

"இருபது வயசுல அடிக்கறதும் அறுபது வயசுல அடிக்கறதும் ஒண்ணா இருக்குமா?"

"வேகம் மாறும். கை மாறாது."

"அதுக்கு ஆதாரம்?"

"எங்கிட்ட ஆதாரம்லாம் இல்ல மேடம். முப்பது வருஷமா இதத்தான் பாக்கறேன்."

அனுபவம் என்பது ஆதாரம் ஆகாது. இதை அவரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு டீ சொன்னார், எனக்குச் சர்க்கரை இல்லாமல். சர்க்கரை போடமாட்டேன் என்று அவரிடம் எப்போது சொன்னேன்?

ஜனவரி 24, வெள்ளி

காலை 126/82. மாலை 122/78. அவர் வரவில்லை. ஒன்பதாவது கத்தி கிடைத்தது. சந்தை சுமார்.

"எங்க உங்க சாணக்காரரு?" என்றாள் தேசம்மாள். எனக்குச் சாணைக்காரர் யாரும் இல்லை என்றேன். "சரி சரி" என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

இருதயராஜ் போன் செய்தார். பட்டறையில் மோட்டார் பழுதாம், அதனால் வெள்ளிக்கிழமை வர முடியவில்லையாம். இதைச் சொல்ல நாற்பது நிமிடம் ஆயிற்று.

பிப்ரவரி 1, சனி

கத்திகள் எந்த ஊர்ப் பழைய இரும்புக் கடைகளிலிருந்து வந்தன என்று தேசம்மாளிடமும் மற்றவர்களிடமும் கேட்டு வைத்திருந்தேன். செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம். வரைபடத்தில் குறித்தால் நெடுஞ்சாலை நெடுக ஒரு கோடு. கொல்லர் இந்தச் சாலையில் ஊர் ஊராகப் போய் விற்றிருக்கிறார், நடுவில் இருக்கும் மதுராந்தகத்தில்தான் பட்டறை இருந்திருக்க வேண்டும் என்று கணித்தேன்.

இன்று போனோம். நான், கத்திகள், இருதயராஜ். பழைய புடவை கிழிந்துவிட்டதால் புதியதைக் கட்டிக்கொண்டேன். எங்கே கிழிந்தது என்று பிறகு தேடினேன், கிடைக்கவில்லை.

மதுராந்தகத்தில் ஏரி நிறைந்திருந்தது. கரையில் நின்று வெள்ளரிப் பிஞ்சு தின்றோம். ஒன்பது கத்தி வைத்துக்கொண்டு, வெள்ளரிக்காரியிடம் கத்தி வாங்கி நறுக்கினோம் என்பது பாதி தின்ற பிறகுதான் உறைத்தது. இருதயராஜுக்குப் புரையேறியது. எனக்கும்.

கடைத்தெருவின் கோடியில் ஒரே ஒரு கொல்லுப்பட்டறை. அங்கிருந்தவர் கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கத்தியைத் திருப்பிப் பார்த்தார்.

"கத்தி நல்ல கத்திதான். ஆனா இந்தப் புள்ளி வச்சவன் கொல்லன் இல்லீங்க. நாங்கன்னா இரும்பு சூடா இருக்கறப்பவே குத்திடுவோம். இது ஆறினப்பறம் எவனோ ஆணிய வச்சுக் குத்தியிருக்கான்" என்றார். உடனே "போச்சு, அவுட்டு!" என்று தொடையில் அடித்துக்கொண்டார்.

கிரிக்கெட் பார்ப்பவர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது.

திரும்பும் பேருந்தில் இருதயராஜ் தூங்கிவிட்டார். என் தோளில் சாய்ந்திருந்தார். செங்கல்பட்டு தாண்டியும் எழுப்பவில்லை, பாவம் களைப்பு. வலது தோள் வலிக்கிறது. தைலம் தடவவில்லை.

இரத்த அழுத்தம் பார்க்க மறந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மன்றச் செயலாளர் வரதராஜுலு அழைப்பிதழை அனுப்பினார். 'முப்புள்ளிக் கொல்லர்: ஒரு கண்டுபிடிப்பு. பேராசிரியர் மங்கையர்க்கரசி.' என் பெயருக்குப் பக்கத்தில் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லை நான் பார்த்ததே இல்லை. ஐந்தாறு முறை பார்த்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

இயற்பியல் துறைத் தலைவரின் மகள் கல்யாணம், தாம்பரத்தில் ஒரு மண்டபம். பட்டுப்புடவை, மொய்க் கவர், புன்னகை. சாப்பிட்டுக் கை கழுவப் போனேன். குழாய்க்குப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. பின்கட்டில் பந்தலுக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து ராத்திரி வரவேற்புக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த பெண் ஒரு பூசணிக்காயைப் பிளந்தாள். கத்தியை நிமிர்த்தினாள்.

மூன்று புள்ளி. ஒரு பிறை.

அவளுக்குப் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கியவர் கையில், மூன்று புள்ளி, ஒரு பிறை. வெங்காயம் உரித்தவர் கையில். வாழைக்காய் சீவியவர் கையில். பந்தல் முழுக்க முப்புள்ளிக் கொல்லர்!

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூசணித் தோலைத் தாண்டி உள்ளே போனேன்.

"அந்தக் கத்தியக் குடுங்க."

"ஏம்மா, நீ பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்றாள் பூசணிக்காய்ப் பெண். கத்தியை விடவில்லை.

"ரெண்டும் இல்ல. கத்தி வேணும்."

நறுக்குவது நின்றது. சாம்பார் அண்டாவுக்குப் பின்னாலிருந்து தலைமைச் சமையற்காரர் வந்தார். தோளில் துண்டு, காதில் பென்சில். கந்தவேல் மாஸ்டர் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

"என்ன மேடம், சாப்பாட்டுல குறையா?"

"இந்தக் கத்திய யார் செஞ்சாங்க?"

"யாரு செஞ்சா என்ன? இது எங்க கத்தி."

"இந்தப் புள்ளி?"

"அதுவா? அது எங்க கோஷ்டி அடையாளம் மேடம். ஒரே மண்டபத்துல டிபனுக்கு ஒரு கோஷ்டி, சாப்பாட்டுக்கு ஒரு கோஷ்டி வரும். கத்தி கலந்துபோச்சுன்னா கல்யாணத்துலயே வெட்டுக்குத்து ஆயிடும். ரெண்டு புள்ளின்னா குரோம்பேட்ட கோஷ்டி. பெருக்கல் குறி போட்டா கூடுவாஞ்சேரி ஆளுங்க. எங்களுக்கு எங்கப்பா காலத்துலேந்து மூணு புள்ளி, ஒரு பிறை. ஆணிய வச்சு நானே குத்துவேன்."

"கத்தி எங்க வாங்குவீங்க?"

"கல்யாணத்துக்குப் போற ஊர்ல எவன் நல்லா அடிக்கறானோ அவன்கிட்ட. யாரு பேரு கேட்டா? தோல் குப்பையோட, எச்சில் எலையோட, மண்டபத்துக்கு ரெண்டு கத்தி காணாமப் போயிடும்."

திண்டிவனம், அச்சிறுபாக்கம், மதுராந்தகம், செங்கல்பட்டு. என் வரைபடத்தில் இருந்தது கொல்லரின் சாலை இல்லை. கல்யாண மண்டபங்கள்.

எனக்குத் தலை சுற்றியதை யாரோ பார்த்து மோர் கொடுத்தார்கள். எவர்சில்வர் டம்ளர். அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு டம்ளரிலும் தட்டிலும் இப்படித்தான் என் அம்மா பெயர் இருக்கிறது. நாற்பத்தொன்பது வருடமாக அதில்தான் காபி குடிக்கிறேன். அம்மாதான் அந்த டம்ளரைச் செய்தாள் என்று ஒருநாளும் எண்ணியதில்லை!

அங்கேயே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். மோர் புடவையில் கொட்டியது. பூசணிக்காய்ப் பெண் என் முதுகைத் தடவி, "அழாதம்மா, பொண்ணு நல்லா இருப்பா" என்றாள்.

"எங்கிட்ட உங்க கத்தி ஒம்பது இருக்கு" என்று ஒருவாறு கந்தவேலிடம் சொன்னேன்.

"ஒம்பதா? அது எங்க கத்தி மேடம்!" என்றார் அவர். சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று சிரிப்பு வரவில்லை. 138/90.

அழைப்பிதழ் மேசையில் கிடக்கிறது. 'ஒரு கண்டுபிடிப்பு.' பேசுவதற்கு இன்னும் பதின்மூன்று நாள். மன்றத்தில் யாருக்கும் கந்தவேலைத் தெரியாது. நான் எழுதி வைத்திருக்கும் கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது. வரைபடம் அழகாக இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் அப்படியே படித்துவிட்டு வந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒன்றே ஒன்று.

பிப்ரவரி 21, வெள்ளி

இருதயராஜிடம் சொன்னேன். அதே டீக்கடை. பூசணிக்காய்ப் பெண் முதுகைத் தடவிய இடம் வந்ததும் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீக்கடைக்காரர் இன்று என்ன ஆகுமோ என்று எட்டிப் பார்த்தார்.

பிறகு, இந்தக் கட்டுரையை என்ன செய்வதென்று கேட்டேன்.

"நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரியாது மேடம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"ஆனா நீங்க நம்ப மாட்டீங்களே."

"நான் ஜனவரிலயே நம்பல. இருந்தும் மதுராந்தகம் வந்தேன்ல?"

இதற்கு என்ன பொருள் கொள்வது என்பதை முடிவுசெய்யப் போதிய ஆதாரம் இல்லை. மாலை 156/94.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் கிளம்பும்போது. "கொல்லரு கெடச்சிட்டாருன்னு நெனச்சப்போ அந்த மண்டபத்துல சிரிச்ச மாதிரி சிரிச்சீங்களா?"

சிரிக்கவில்லை. கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கட்டுரையைக் கிழித்தேன். கந்தவேலுக்குப் போன் செய்து கூட்டத்துக்கு அழைத்தேன். "சமையலா மேடம்?" என்றார். இல்லை, வந்து உட்கார்ந்தால் போதும் என்றேன். அப்படி ஓர் அழைப்பு அவருக்கு வந்ததே இல்லையாம்.

மார்ச் 2, ஞாயிறு

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட அறை. நாற்பது பேர் இருந்தார்கள். ஒன்பது கத்திகளும் வெள்ளைத் துணியில் வரிசையாக. முதல் வரிசையில் கந்தவேலும் அவர் கோஷ்டியில் ஐந்து பேரும், இஸ்திரி போட்ட சட்டையில். பூசணிக்காய்ப் பெண் எனக்குக் கையாட்டினாள். கடைசி வரிசையில் இருதயராஜ்.

மைக்கைப் பிடித்து முதல் வாக்கியத்தைச் சொன்னேன்: "முப்புள்ளிக் கொல்லர்னு ஒருத்தர் இல்லை."

வரதராஜுலு கையிலிருந்த பொன்னாடையைத் திரும்ப மடிக்கத் தொடங்கினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அரம், லாரிப் பட்டை, இருதயராஜ் சொல்லியும் நம்பாதது, கிரிக்கெட் பார்த்தவர் சொல்லியும் நம்பாதது, வரைபடம், மோர், அம்மாவின் டம்ளர். டம்ளரைச் சொன்னதும் ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது.

நடுவில் ஓர் அம்மாள் எழுந்து, "அப்படின்னா இதையெல்லாம் உண்மையில யார்தான் செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

வகுப்பில் இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் 'அடுத்த வகுப்பில் பார்ப்போம்' என்பதுதான் என் பதில். தெரியாது என்பது மைக்கில் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது! இன்னொரு முறையும் சொன்னேன்.

அப்போது கந்தவேல் எழுந்து வந்தார். யாரிடமும் கேட்கவில்லை. முதல் கத்தியை எடுத்துப் புரட்டினார். "இது அச்சிறுபாக்கம். மாப்ள கோவிச்சுக்கிட்டு மொட்ட மாடில போய் ஒக்காந்துட்டாரு. எறங்கி வர்றதுக்குள்ள ரசம் மூணு தடவ சுட வச்சோம். அந்தக் கலாட்டாவுல போன கத்தி." இரண்டாவது, திண்டிவனம், மழையில் பந்தல் சரிந்த கல்யாணம். மூன்றாவதற்குக் கோஷ்டிக்குள் சண்டை வந்தது. "அண்ணே, அது செங்கல்பட்டு, பாயசத்துல உப்பப் போட்டீங்களே!" என்றாள் பூசணிக்காய்ப் பெண். "அதெல்லாம் இங்க எதுக்குடி" என்றார் கந்தவேல். ஒன்பது கத்தி, ஒன்பது கல்யாணம். மன்றத்தார் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். வரதராஜுலு பொன்னாடையைப் பிரித்துக் கந்தவேலுக்குப் போர்த்தினார்.

கூட்டம் கலைந்தது. இருதயராஜ் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கத்திகளைக் கந்தவேலிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துத் துண்டில் சுருட்டினார். நாளைக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு முகூர்த்தம், உதவும் என்றார். கை காலியான பிறகு எனக்கு வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"மேடம், உங்க வீட்ல எந்த விசேஷம்னாலும் நம்ம கோஷ்டிதான் வரணும். பசங்க கல்யாணம், பேரப்புள்ளைக்குக் காதுகுத்து..."

"எங்க வீட்ல நான் மட்டுந்தான்" என்றேன்.

அவர் சங்கடப்பட்டுத் துண்டை இறுக்கிக் கட்டினார். அடுத்ததாக என் குரல் எனக்கே கேட்டது.

"அம்பது பேருக்குக் கீழன்னா எடுப்பீங்களா?"

நாற்காலி மடிக்கும் சத்தம் நின்றது.

கந்தவேல் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "அம்பது பேருன்னா நானே நின்னு செய்வேன் மேடம். சுத்த சைவந்தானே?"

"அத அவரத்தான் கேக்கணும்" என்றேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரச் சிறிது நேரம் ஆயிற்று.

இருதயராஜ் மடித்த நாற்காலியை மறுபடி விரித்து அதிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"வஞ்சிரம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.